டிசம்பரில் பங்குச் சந்தை ஏறும் என்பது எவ்வளவு உண்மை?

போன டிசம்பர் சீசனில் மயிலாப்பூர் சபா ஒன்றின் கேண்டீனில் சித்தப்பாவுக்காகக் காத்திருந்தேன். கச்சேரி முடிந்து வந்தவர், அடை அவியலுக்கு டோக்கன் வாங்கும் முன்பே போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படம். ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியின் மாதவாரி ஏற்ற இறக்கம், ஏற்றம் பச்சையும் இறக்கம் சிவப்புமாகக் கட்டம் கட்டமாக. டிசம்பர் வரிசையில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மேலே 'சாண்டா ராலி', அதாவது கிறிஸ்துமஸ் ஏற்றம் என்று தலைப்பு, ஓரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா.

“டிசம்பர்ல போட்டா நஷ்டமே வராதாம்டா. எஃப்.டி.யை உடைச்சு ஒரு லட்சம் போடலாமான்னு பார்க்கிறேன்.”

சித்தப்பா முப்பது வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவர். கடன் கேட்டு வருபவரின் கணக்குப் புத்தகத்தை மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அவரையே ஒரு கலர் படம் அசைத்துவிட்டது என்றால், சந்தைக்குப் புதிதாக வருபவர்களைக் கேட்கவே வேண்டாம்.

காலண்டரைப் பார்த்துச் சந்தையின் போக்கைச் சொல்கிற இந்த வழக்கத்துக்குப் பல முகங்கள் உண்டு. ஜனவரியில் சின்னப் பங்குகள் ஏறும், மே மாதத்தில் விற்றுவிட்டு ஒதுங்கு, பட்ஜெட்டுக்கு முன்னால் வாங்கு, தீபாவளிக்கு நல்ல நேரம் பார்த்து நடக்கும் முகூர்த்த வர்த்தகத்தில் வாங்கினால் வருஷம் முழுக்க லாபம். எல்லாவற்றையும் சேர்த்துப் பருவப் போக்கு என்கிறார்கள். இதில் எது நம்பத் தகுந்தது, எது வெறும் தற்செயல் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் தெரிந்தால் போதும். கச்சேரி நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் நானும் சித்தப்பாவும் போட்ட கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் படத்தை மூடி வைத்துவிட்டு எண்களை எழுதினோம். 2015 முதல் 2024 வரை பத்து டிசம்பர்களில் நிஃப்டி 50 குறியீடு எத்தனை சதவீதம் மாறியது என்பது இது. 2015-ல் 0.1 ஏற்றம். 2016-ல் 0.5 இறக்கம். 2017-ல் 3.0 ஏற்றம். 2018-ல் 0.1 இறக்கம். 2019-ல் 0.9 ஏற்றம். 2020-ல் 7.8 ஏற்றம். 2021-ல் 2.2 ஏற்றம். 2022-ல் 3.5 இறக்கம். 2023-ல் 7.9 ஏற்றம். 2024-ல் 2.0 இறக்கம்.

பத்தில் ஆறு தடவை ஏற்றம், நாலு தடவை இறக்கம். 'நஷ்டமே வராது' என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது. ஆனாலும் சராசரி பார்த்தால் 1.6 சதவீதம் வருகிறது. ஒரே மாதத்தில் 1.6 என்றால் சும்மா இல்லை. சித்தப்பா முகம் மலர்ந்தது.

சரி, 2020-ஐயும் 2023-ஐயும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மீதி எட்டு டிசம்பர்களைக் கூட்டினால் மொத்தமே 0.1 சதவீதம். எட்டால் வகுத்தால் பூஜ்யம்தான். அதாவது டிசம்பரின் பெருமை முழுவதும் இரண்டே வருஷங்களில் இருக்கிறது.

அந்த இரண்டு வருஷமும் என்ன நடந்தது? 2020 கடைசியில் தடுப்பூசிச் செய்தி வந்து உலகமே மூச்சுவிட்டது, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தைக் கொட்டினார்கள். 2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், சத்தீஸ்கர் தேர்தல் முடிவுகள் வந்தன. மறுநாள் திங்கட்கிழமை நிஃப்டி இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறியது. அந்தத் திங்கட்கிழமையை நான் மறக்க மாட்டேன். மிக்ஜாம் புயலில் சென்னை மிதந்துகொண்டிருந்தது, எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை, போனில் நாலு சதவீதம் சார்ஜ். சந்தை ஏறியதே எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். அந்த மாத நடுவில் அமெரிக்க மத்திய வங்கி வட்டிக் குறைப்பு வரும் என்று கோடி காட்டியது, சந்தை இன்னும் ஏறியது. தடுப்பூசி, மாநிலத் தேர்தல், அமெரிக்க வட்டி. இதில் எதற்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் செய்திகள் பிப்ரவரியில் வந்திருந்தால் இன்று 'பிப்ரவரி ராலி' என்று படம் வந்திருக்கும்.

ஆகவே சராசரியை மட்டும் பார்க்காமல் நடு எண்ணையும் பாருங்கள். பத்து எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் நிற்கும் இரண்டின் (0.1, 0.9) சராசரியை எடுத்தால், நம் டிசம்பருக்கு 0.5 வருகிறது. சராசரி 1.6, நடு எண் 0.5. இரண்டுக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால், எங்கேயோ ஓரிரு பெரிய எண்கள் மொத்தக் கணக்கையும் தூக்கிப் பிடிக்கின்றன என்று பொருள்.

இன்னொரு கேள்வி உண்டு. 1.6 என்பது எதோடு ஒப்பிட்டால் அதிகம்? பூஜ்யத்தோடு ஒப்பிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தப்பு. 2014 கடைசியில் 8,283 புள்ளிகளில் இருந்த நிஃப்டி, 2024 கடைசியில் 23,645-ல் இருந்தது. 120 மாதங்கள். மாதத்துக்குச் சராசரியாக 0.9 சதவீத வளர்ச்சி. சும்மா இருக்கிற எந்த மாதமும் அந்த 0.9-ஐக் கொடுத்திருக்கும். அப்படியானால் டிசம்பர் கூடுதலாகத் தந்தது 0.7 மட்டும்.

அந்த 0.7 நிஜமா, தற்செயலா? பத்து டிசம்பர்களும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று பார்க்க வேண்டும். எக்செல்லில் திட்டவிலக்கம் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நம் எண்களுக்கு அது 3.8 வருகிறது. அதைப் பத்தின் வர்க்கமூலமான 3.16-ஆல் வகுத்தால் 1.2. நம் சராசரி தற்செயலாகவே மேலும் கீழும் எவ்வளவு ஆடக்கூடும் என்பதன் அளவு இது. தோராயமாக இதன் இரண்டு மடங்கு வரை ஆட்டம் சகஜம். ஆக, டிசம்பரின் 'உண்மையான' சராசரி மைனஸ் 0.8-லிருந்து பிளஸ் 4.0 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். இவ்வளவு அகலமான வலையில் 0.7 கூடுதலை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. நூற்றுக்கும் மேல் டிசம்பர் கிடைத்தால் சொல்லலாம். ஆனால் நிஃப்டியின் தொடக்கப் புள்ளியே 1995 நவம்பர்தான்.

கேண்டீனில் அடை வந்துவிட்டது. சித்தப்பா விடவில்லை. “டிசம்பர் வேண்டாம். வேற ஒரு மாசம் பத்துல எட்டு தடவை ஏறியிருக்கே, அது?”

இந்தக் கேள்விதான் முக்கியமான கேள்வி. ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் ஆறு பச்சைச் சீட்டும் நாலு சிவப்புச் சீட்டும் போடுங்கள். நிஃப்டியில் ஏறக்குறைய பத்து மாதத்துக்கு ஆறு மாதம் ஏற்றத்தில் முடிவதால் இந்தக் கணக்கு. கண்ணை மூடி ஒரு சீட்டை எடுங்கள், நிறத்தைக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுக் குலுக்குங்கள். பத்துத் தடவை எடுத்தால் அது 'ஜனவரி'. இன்னும் பத்து, 'பிப்ரவரி'. இப்படிப் பன்னிரண்டு மாதத்தையும் நிரப்புங்கள். டப்பாவுக்குக் காலண்டர் தெரியாது. ஆனாலும் பன்னிரண்டில் குறைந்தது ஒரு மாதமாவது எட்டு அல்லது அதற்கு மேல் பச்சை காட்டுவதற்கான வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? 89 சதவீதம். அப்படி ஒரு மாதம் இல்லாமல் போனால்தான் அதிசயம்.

இதையே நிஃப்டியின் 50 பங்குகளுக்கும் செய்தால் 600 பங்கு-மாதங்கள். அதில் பத்துக்குப் பத்தும் பச்சையாக வருபவை, சும்மா தற்செயலிலேயே மூன்று நாலு இருக்கும். 'இந்தப் பங்கு பத்து வருஷமாக ஜூலையில் ஏறாமல் இருந்ததே இல்லை' என்று யாராவது சொன்னால், அந்த மூன்று நாலில் ஒன்றைப் பொறுக்கி எடுத்து உங்களிடம் காட்டுகிறார் என்று சந்தேகப்படலாம். பொறுக்கியவர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டியதில்லை. அவரே அதை நம்பியிருப்பார்.

நம் ஊரில் இந்தப் பொறுக்கலுக்கு இன்னும் வசதி அதிகம். ஆங்கில மாதம் ஒத்துவரவில்லையா, ஆடி மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அது ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிவதால் எண்கள் மாறிவிடும். அதுவும் சரிவரவில்லையா, தீபாவளிக்கு முந்தைய வாரம். தீபாவளி 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12. 2024-ல் நாம் அக்டோபர் 31 அன்று வெடி வெடித்து முடித்தோம், மும்பையில் முகூர்த்த வர்த்தகம் மறுநாள் நடந்தது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று முடிவு செய்யும் சுதந்திரம் நம் கையில் இருந்தால், ஏதாவது ஒரு எண்ணிக்கையில் நமக்குப் பிடித்த விடை வந்தே தீரும். டேவிட் லைன்வெபர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைக் கிண்டல் செய்யவே ஒரு காரியம் செய்தார். உலகப் புள்ளிவிவரங்களைத் துழாவி, பங்களாதேஷின் வெண்ணெய் உற்பத்தி அமெரிக்கப் பங்குக் குறியீட்டோடு பெருமளவு ஒத்துப்போகிறது என்று காட்டினார். சிலர் அதை நிஜமென்று நம்பி அவரிடம் புது எண்கள் கேட்டதுதான் வேடிக்கை.

ஆகவே எண்ணைப் பார்த்த பிறகு கேட்க வேண்டியது, 'ஏன்?' என்ற ஒரு வார்த்தை.

வடகிழக்குப் பருவமழையை எடுத்துக்கொள்வோம். சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைக்கிறது. காரணம் இருக்கிறது: காற்றின் திசை மாறுகிறது, வங்காள விரிகுடாவிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. காரணம் இவ்வளவு திடமாக இருந்தும், 2015-ல் ஊரே மூழ்கியது, அடுத்த வருஷமே பருவமழை பொய்த்தது. ஆனால் மழைக்கும் சந்தைக்கும் ஒரு பெரிய வித்தியாசம். நாம் குடை வாங்கி வைத்திருக்கிறோம் என்பதற்காக மழை முன்கூட்டியே பெய்துவிடாது. சந்தை அப்படியில்லை. டிசம்பரில் ஏறும் என்று எல்லோரும் நம்பினால், கெட்டிக்காரர்கள் நவம்பரிலேயே வாங்குவார்கள். அவர்களைவிடக் கெட்டிக்காரர்கள் அக்டோபரில். ஏற்றம் முன்னாலேயே நடந்து முடிந்துவிடும், டிசம்பரில் வந்து நிற்பவர்களுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது.

தி. நகரில் ஏசி விற்கும் கடைக்காரரைக் கேளுங்கள், கத்திரி வெயிலில் எவ்வளவு போகும், ஐப்பசியில் எவ்வளவு போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வியாபாரத்தின் பருவம் நிஜம். ஆனால் ஏசி நிறுவனத்தின் பங்கை மாசியில் வாங்கி வைகாசியில் விற்றால் லாபம் என்று அதிலிருந்து முடிவு கட்ட முடியாது. சித்திரை வெயில் வரப்போகிறது என்பது சந்தையில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. விலையில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும். எதிர்பார்த்ததைவிட வெயில் கூடினாலோ குறைந்தாலோதான் பங்கு அசையும். 2025 கோடையில் எதிர்பாராத மழை வந்து ஏசி விற்பனை படுத்ததே, அது செய்தி.

காரணம் இருந்தால் மட்டும் போதாது, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 2001 வரை நம் சந்தைகளில் வாராந்திர செட்டில்மென்ட். ஒரு வாரம் முழுக்க வாங்கி விற்று, கடைசியில் கணக்குத் தீர்ப்பார்கள். சித்தப்பா அப்போது பாரிமுனை கிளையில் இருந்தார். செகண்ட் லைன் பீச்சில் இருந்த மெட்ராஸ் பங்குச் சந்தையின் புரோக்கர்கள் செட்டில்மென்ட் நெருங்கினால் கவுன்டரில் மொய்ப்பார்கள் என்று சொல்வார். கணக்குத் தீர்க்கும் அவசரத்தால் வாரத்தின் சில நாட்களில் விலை ஒரு பக்கம் சாய்வதற்கு அன்று காரணம் இருந்தது. பிறகு தினசரி செட்டில்மென்ட் வந்தது, அந்தக் காரணம் போயிற்று. மெட்ராஸ் பங்குச் சந்தையும் 2015-ல் மூடப்பட்டது. 1990-களின் எண்களைச் சேர்த்துக்கொண்டு 'கிழமை ராசி' பார்ப்பவர், இல்லாத ஓர் ஏற்பாட்டை வைத்து இன்றைக்கு வர்த்தகம் செய்கிறார்.

பட்ஜெட்டும் அப்படித்தான். 2016 வரை பிப்ரவரி கடைசியில் வந்தது, 2017 முதல் பிப்ரவரி 1. இருபது வருஷப் பிப்ரவரிகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், பாதி பட்ஜெட்டுக்கு முந்தைய மாதங்கள், பாதி பிந்தைய மாதங்கள். சாம்பாரையும் பாயசத்தையும் கலந்து ருசி பார்ப்பது போலத்தான்.

ஜனவரிக் கதை இன்னும் சுவாரசியம். 1976-ல் மைக்கேல் ரோஸெஃப், வில்லியம் கின்னி என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1904 முதல் நியூயார்க் சந்தையின் எண்களை எடுத்துப் பார்த்தார்கள். ஜனவரியில் சராசரி 3.5 சதவீதம், மற்ற மாதங்களில் 0.5. எழுபது வருஷக் கணக்கு என்பதால் எளிதில் தள்ளிவிட முடியாது. காரணமும் சொல்லப்பட்டது. அங்கே வரி வருஷம் டிசம்பர் 31-ல் முடிகிறது. நஷ்டத்தில் கிடக்கும் பங்குகளை வருஷக் கடைசியில் விற்று வரியைக் குறைக்கிறார்கள், ஜனவரியில் திரும்ப வாங்குகிறார்கள். நல்லது. ஆனால் நமக்கு நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது. அந்தக் காரணம் இங்கே செல்லுபடியாக வேண்டுமானால் ஏப்ரலில் அல்லவா ஏற வேண்டும்? 'ஜனவரி எஃபெக்ட்' என்று இந்தியப் பங்குகளுக்கு அப்படியே ஒட்டிப் பேசுபவர்கள் காரணத்தை அங்கேயே விட்டுவிட்டு மாதத்தை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஊரறிந்த பிறகு அதன் வலு குறைந்துவிட்டது. மெக்லீன், பான்டிஃப் என்ற ஆய்வாளர்கள் 2016-ல் இப்படிப்பட்ட 97 கண்டுபிடிப்புகளைப் பரிசோதித்தார்கள். ஆய்வுக் கட்டுரை வெளியான பிறகு அவற்றின் கூடுதல் லாபம் சராசரியாக 58 சதவீதம் குறைந்திருந்தது.

மே மாதத்தை ஒரு பத்தியில் தாண்டிவிடலாம். 37 நாடுகளில் 36-ல் குளிர்காலப் பாதி நன்றாகவும் கோடைப் பாதி மந்தமாகவும் இருந்தது என்று 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. பல நாடுகளில் தெரிகிறது என்பது அதன் பலம். நம் நாட்டு மே மாதத்தில் மட்டும் தேர்தல் புகுந்து குட்டையைக் குழப்பிவிடும். 2004 மே 17 அன்று ஆட்சி மாற்றப் பதற்றத்தில் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடான சென்செக்ஸ் 11 சதவீதம் விழுந்தது. 2009 மே 18 அன்று அதே தேர்தல் காரணத்தால் 17 சதவீதம் எகிறி வர்த்தகமே நிறுத்தப்பட்டது. 2009 மே முழுவதும் நிஃப்டி 28 சதவீதம் ஏறியது. இருபது வருஷச் சராசரியில் அந்த ஒரு மாதமே 1.4 சதவீதத்தைச் சேர்த்துவிடும். ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருவதைப் பருவம் என்று எப்படிச் சொல்வது?

எண்களைச் சோதிக்க எனக்குப் பிடித்த வழி, பாதியை ஒளித்து வைப்பது. நம் பத்து டிசம்பர்களையே எடுங்கள். 2019 கடைசியில் ஒருவர் முந்தைய ஐந்தைப் பார்த்திருந்தால் சராசரி 0.7. சாதாரண மாதத்தைவிடக் குறைவு. 'டிசம்பரில் ஒன்றுமில்லை' என்று போயிருப்பார். அடுத்த ஐந்தின் சராசரி 2.5. 2023 முடிவில் அதன் முதல் நாலை மட்டும் பார்த்து மயங்கியவர், 2024 டிசம்பரில் வாங்கி இரண்டு சதவீதம் விட்டிருப்பார். ஒரு போக்கு நிஜமென்றால், முதல் பாதியை வைத்துக் கண்டுபிடித்தது, கண்ணில் படாத இரண்டாம் பாதியிலும் தலை காட்ட வேண்டும். இரண்டு பாதியையும் பார்த்துவிட்டு விதி எழுதினால் அது பரீட்சை இல்லை, விடைத்தாளைப் பார்த்து எழுதிய கேள்வித்தாள்.

கடைசியாகச் செலவு. ஒரு லட்சத்தை டிசம்பர் 1-ல் பங்குகளில் போட்டு 31-ல் எடுத்தால், சராசரிப்படி 1,600 ரூபாய். வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம் வீதம், சுமார் 200. முத்திரைக் கட்டணம் 15. குறுகிய கால லாபத்துக்கு 2024 ஜூலையிலிருந்து 20 சதவீத வரி, அதன் மேல் செஸ், அதில் ஒரு 330. கையில் நிற்பது ஆயிரத்துச் சொச்சம், புரோக்கர் கட்டணமும், பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கின் கட்டணமும் போக இன்னும் குறையும். இதற்காக எஃப்.டி.யை முதிர்வுக்கு முன் உடைத்தால் வங்கி வட்டியில் வெட்டும். அதைச் சித்தப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் போட்டோம். பத்து வருஷமும் டிசம்பரில் மட்டும் நிஃப்டியில் இருந்து, மற்ற பதினொரு மாதம் வெளியே நின்றால், வரி செலவு எதுவும் பார்க்காமல் ஒரு லட்சம் 1.16 லட்சமாகியிருக்கும். 120 மாதமும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் 2.85 லட்சம்.

பருவத்துக்குச் சந்தையில் ஒரு நல்ல உபயோகம் இருக்கிறது என்றால், அது கம்பெனி முடிவுகளைப் படிக்கும்போதுதான். எண்ணூரில் லாரி தயாரிக்கும் அசோக் லேலண்ட் போன்ற நிறுவனங்களுக்கு நிதியாண்டு முடியும் மார்ச்சில் விற்பனை உச்சத்தில் இருக்கும். ஏப்ரலில் குறைந்ததைப் பார்த்து 'சரிவு' என்று பதறக் கூடாது, போன ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அடை ஆறிப்போயிருந்தது. சித்தப்பா நிகழ்ச்சி நிரலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாலைக் கச்சேரிக்கு உள்ளே போகும்போது திரும்பி, “நிஃப்டி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எல்லா மாச எண்ணும் எக்செல்ல அனுப்புறியா?” என்றார். அனுப்புகிறேன் என்றேன். இரண்டு படி ஏறியவர் நின்றார்.

“இல்ல, 2010 வரைக்கும் மட்டும் அனுப்பு. மீதி உன்கிட்டயே இருக்கட்டும். நான் கேட்கிற வரைக்கும் காட்டாதே.”